கடைமடைக் கரண்ட்

அய்யனார் பொய் சொல்கிறான் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அதன் பிறகு எவனெவனோ என்னென்னவோ பேசினான், அதெல்லாம் எனக்கு வேண்டாம். எழுதியது நான், கையெழுத்துப் போட்டதும் நான். கொளஞ்சிநாதன், எலெக்ட்ரிகல் சார்ஜ்மேன், நெய்வேலி சுரங்கம். அறுபத்துமூன்றாம் வருடம், ஐப்பசி பிறந்த வாரம், திங்கட்கிழமை சாயங்காலம்.

அன்று மதியம் ஒன்பதாம் நம்பர் பம்பு ஷெட்டில் ஸ்டார்ட்டர் வெந்துபோனது. இருபது நாளில் அது மூன்றாவது. முதல் இரண்டு புகையோடு போயின. இது எண்ணெய் பொங்கி, பெட்டி மூடியைத் தள்ளி, ஷெட்டுச் சுவரெல்லாம் கரியாக்கிவிட்டது. ஆபரேட்டர் அய்யனாருக்கு வலது உள்ளங்கை வெந்திருந்தது.

எங்கள் சுரங்கத்தில் பம்பு நிற்பது சின்ன விஷயம் இல்லை. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா தேங்கிக் கிடக்கிற தண்ணீர் இல்லை, மேலே வர முட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர். விளிம்பு நெடுக ஒன்பது ஆழ்குழாய்கள் போட்டு, இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கியிருக்கும். அரை மணி நேரம் மொத்தமும் நின்றால் பள்ளத்தின் தரை அடியிலிருந்து பிளந்துகொள்ளும் என்று பெரிய இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கீழே ஒரு ஷிப்டுக்கு முன்னூறு பேர் வேலை செய்தார்கள்.

பம்பை ஓட்டுவது மோட்டார். மோட்டாரைக் கிளப்புவது ஸ்டார்ட்டர். இடுப்பு உயர இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெய், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னால் தள்ளிப் பிடித்தால் மோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். வேகம் பிடித்ததும் பின்னால் இழுத்துப் போட வேண்டும். அங்கே 'காயில்' என்கிற சின்ன மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். வோல்டேஜ் இறங்கிவிட்டால் காயில் பிடியை விட்டுவிடும், கைப்பிடி டக்கென்று நடுவுக்கு வந்து நிற்கும், மோட்டாரும் நின்றுவிடும். முன்னால் தள்ளிப் பிடிப்பது பதினைந்து விநாடி, மிஞ்சினால் அரை நிமிடம்தான். அதற்கு மேல் பிடித்தால் உள்ளே இருக்கும் சுருள் வெந்துபோகும். ஒன்பதாம் நம்பரில் வெந்து கிடந்ததும் அந்தச் சுருள்தான். ஆக, ஆபரேட்டர் நெடுநேரம் பிடித்திருக்கிறான்.

அய்யனாரைக் கேட்டேன். "மோட்டாரு எழும்பலீங்க" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஷெட்டின் மூலையில் ஒரு முழக் கயிறு தொங்கியது. சில பேர் கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவது உண்டு, எனக்குத் தெரியும். போதாதா? 'கைப்பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டு வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்து அணைக்க முயன்றதில் கை வெந்திருக்கிறது. மோட்டார் எழும்பவில்லை என்று கூறுவது பொய்.' எழுதி முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரில் சொல்வார்கள், என்னைப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

அய்யனார் எனக்குத் தெரியாதவன் இல்லை. இருவருக்கும் முத்தாண்டிக்குப்பம்தான். அவன் அப்பா எங்கள் கொல்லையில் தண்ணீர் கட்டியவர். சுரங்கம் வந்தபோது நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு உள்ளே வந்தேன். அவன் மண் வெட்டும் கூலியாக வந்து, பம்பு ஆபரேட்டராகத் தற்காலிகத்தில் சேர்ந்தான். ஒன்றாம் தேதி பதினோரு பேரைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது, பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. அவன் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவன்தான். ஷெட்டுச் சுவரில் கரிக்கட்டியால் என்னத்தையோ எழுதி எழுதி வைத்திருப்பான். ஒருநாள் அதற்கும் திட்டினேன்.

"எழுதிப் பழகுறேங்க சார். ஆர்டரு வந்தா கைநாட்டு வைக்கக் கூடாதுங்க" என்றான்.

இப்போது என் ரிப்போர்ட்டின் மேல் அவனைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு என்கொயரி. தப்பு அவன் மேல் என்று முடிவானால் பர்மனென்ட் இல்லை, தற்காலிகமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப் கேட்டில் அவன் மனைவி செங்கமலம் வந்து நின்றாள். கான்ட்ராக்டில் மண் சுமக்கிறவள், சும்மாட்டுத் துணி தோளில் கிடந்தது.

"சார், ஒரு பேச்சு."

"பேச ஒண்ணுமில்ல. சனிக்கெழம என்கொயரி இருக்கு, அங்க வந்து அவனப் பேசச் சொல்லு."

"அவரு பேச மாட்டாரு. அதான் நான் வந்தேன். கயித்துல கட்டிட்டு வெளிய போயிட்டாருன்னு எழுதினீங்களாமே. வெளிய போனவனுக்கு உள்ளங்கை எதுக்குங்க வேவும்?"

"அணைக்க ஓடி வந்திருப்பான்."

"அணைக்கிறவன் மண்ண அள்ளிக் கொட்டுவான். கைப்பிடிய எதுக்குப் போயிப் பிடிப்பான்? அந்த இரும்போட அச்சு அப்படியே உள்ளங்கையில கெடக்குது, வந்து பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்டில் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கே வேல சொல்லித் தர வந்துட்டியா நீ? போ, போய் மண்ணு சொம."

அவள் போகவில்லை. "ஒருநாளாச்சும் ரெண்டு மணிக்கு அந்தக் கொட்டாயில நின்னு பார்த்திருக்கீங்களா நீங்க?" என்று கேட்டாள். அப்புறம்தான் போனாள்.

திமிரு என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் ஸ்டார்ட்டர் வெந்தது மதியம் இரண்டு பத்து. இரண்டாவது இரண்டு பன்னிரண்டு. அய்யனாருடையது இரண்டு ஒன்பது. இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும். அந்த நேரத்தில் நான் டைம் ஆபீஸில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அந்த நேரத்தில் எந்த ஷெட்டிலும் நான் நின்றதில்லை.

புதன்கிழமை ஒன்றரைக்கே மரப்பெட்டி வோல்ட் மீட்டரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போனேன். புது ஸ்டார்ட்டர் மாட்டியாகிவிட்டது. எட்டாம் நம்பரில் இருந்த சக்கரபாணியை இங்கே போட்டிருந்தார்கள். அவனும் தற்காலிகம், அவன் பெயரும் அந்தப் பதினொன்றில் இருந்தது. என்னைப் பார்த்ததும் பீடியைக் காலில் போட்டு மிதித்தான்.

மீட்டரை இணைத்தேன். முன்னூற்று எண்பத்தைந்து. நானூறு இருக்க வேண்டும், ஆனால் சப்ஸ்டேஷனிலிருந்து வருகிற லைனில் இதுதான் கடைசி ஷெட். கொஞ்சம் குறையத்தான் செய்யும், பரவாயில்லை.

சங்கு ஊதியது. ஐந்து நிமிடம் கழித்து, கீழே பள்ளத்தில் நிலக்கரி பெல்ட்டைக் கிளப்பினார்கள். ஷிப்டு மாறும்போது நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, மேலே கிடக்கிற சுமையோடு அப்படியே கிளப்புவது வழக்கம். பிரம்மாண்டமான மோட்டார் அது, சுமை கூடிய நாளில் லைனையே இழுத்துவிடும். முள் விழுந்தது. முன்னூற்று நாற்பது, முன்னூறு, இருநூற்று எழுபது. ஷெட்டு பல்பு மங்கியது. டக். காயில் பிடியை விட்டது, கைப்பிடி நடுவுக்கு வந்தது, பம்பு நின்றது. விளிம்பு நெடுகிலும் டக் டக்கென்று சத்தம் கேட்டது. ஒன்பதும் போய்விட்டன. இத்தனை நாள் காதில் விழுந்துகொண்டே இருந்த இரைச்சல் அடங்கி, முந்திரிக் காட்டில் காக்கை கத்துவது கேட்டது.

பத்து விநாடியில் பெல்ட் வேகம் பிடித்தது. முள் மறுபடியும் முன்னூற்று எண்பதுக்கு ஏறியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். மூச்சை விடுவதற்குள் முள் சரசரவென்று இறங்கி இருநூற்று நாற்பதில் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு எதையும் யாரும் கிளப்பவில்லை. பிறகு இது என்ன? திரும்பிப் பார்த்தேன். சக்கரபாணி கைப்பிடியை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். மோட்டார் முக்கியது, சுற்றவில்லை. எட்டாம் நம்பரிலும் அதே முக்கல், ஏழிலும் அதே. ஒன்பது ஷெட்டிலும் ஒன்பது பேர் ஒரே நேரத்தில் கைப்பிடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்பது மோட்டாரும் ஒரே லைனை உறிஞ்சினால் கடைசி ஷெட்டுக்கு என்ன மிஞ்சும்?

"கைய எடு" என்றேன்.

"இதோ எழும்பிடும் சார்."

"எண்ணெ சூடேறுது. எடுறா."

"ஒரு நிமிஷம் ஆயிடும் சார், மெமோ..." என்றவன் முகம் வேர்த்துக் கொட்டியது. கை இரும்போடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டான்.

நானும் கதவைப் பார்த்தேன். வெள்ளை பெயின்ட்டில், கீழே இரட்டைக் கோடு இழுத்து, சாய்ந்த எழுத்தில் இருந்தது. 'பம்பு நின்றால் ஒரு நிமிடத்துக்குள் ஓட்ட வேண்டும். தவறினால் மெமோ.'

என் எழுத்து. புரட்டாசி முதல் வாரத்தில் ஒருநாள் பம்புகள் இதே மாதிரி நின்றபோது ஒருத்தன் டீக்கடையில் இருந்துவிட்டான். கிளப்பப் பத்து நிமிடம் ஆனது. சூப்பிரண்டெண்ட் கருணாகரன் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். அந்த வேகத்தில் பிரஷை எடுத்துக்கொண்டு வந்து ஒன்பது கதவிலும் நானே எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே உரக்கப் படித்தும் காட்டினேன். இரண்டு மெமோ வாங்கினவன் பெயர் பர்மனென்ட் பட்டியலில் இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு முன்னால் அவரவர் ஆற அமரக் கிளப்புவார்கள். ஒருத்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவான், இன்னொருத்தன் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பான். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழும்பும். ஒரு ஸ்டார்ட்டர்கூட வெந்ததில்லை. நான் எழுதிய பதினோராம் நாள் முதல் ஸ்டார்ட்டர் வெந்தது. மற்ற ஷெட்டுகளில் தண்ணீர் விழுந்த பிறகு சக்கரபாணியை மறுபடியும் தள்ளச் சொன்னேன், ஒன்பதும் எழும்பியது.

பொழுது சாய்வதற்குள் முத்தாண்டிக்குப்பம் போனேன். அய்யனார் தெருவுக்குள் நான் அதுவரை போனதில்லை, பிறந்து வளர்ந்தது அதே ஊர்தான். செங்கமலம் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். அய்யனார் எழுந்து நின்றான்.

"கையக் காட்டு" என்றேன்.

கட்டைப் பிரித்துக் காட்டினான். அவள் சொன்னது சரிதான். கைப்பிடியின் வரிகூடத் தெரிந்தது.

"இவ்ளோ சுடுற வரைக்கும் ஏன் விடல?"

"விட்டா நின்னுடுங்களே. ஏற்கெனவே நீங்க குடுத்த மெமோ ஒண்ணு இருக்குதுங்க. இன்னொண்ணு வந்தா பேரு போயிடும். மோட்டாரு முக்கிகினே இருந்துச்சு. இப்ப எழும்பிடும், இப்ப எழும்பிடும்னு பிடிச்சிகினு இருந்தேன். நாலு நிமிஷம் இருக்குங்க."

"கயிறு?"

"சாப்பாட்டுத் தூக்குவாளிய மேல கட்டுற கயிறுங்க. நாயி வருது அங்க."

"அன்னைக்கே இதச் சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கேக்கலீங்களே. வந்தீங்க, கயித்தப் பார்த்தீங்க, எழுதிகினு போயிட்டீங்க."

அதில் கோபம் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வோல்டேஜ் எப்படி இறங்கியது என்பதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டான்.

"எல்லா மடையையும் ஒண்ணாத் தொறந்தா கடமடைக்கு ஈரந்தாங்க வரும்" என்றான். "அப்பா உங்க கொல்லையில தண்ணி கட்டுறப்ப முதல்ல கடமடைய நெரப்பிட்டுத்தான் மேல வருவாரு. கரண்டும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

செங்கமலம் வாசலில் சாய்ந்து நின்றவள், "அப்ப சனிக்கெழம நீங்க சொல்லிடுவீங்களா?" என்றாள்.

"சொல்றேன்."

"கதவுல எழுதினது உங்க கைதான்னு?"

"அதான் சொல்றேன்னு சொன்னேனில்ல" என்று எரிந்து விழுந்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை கருணாகரன் அறைக்குப் போனேன். பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. எதுவாக இருந்தாலும் இங்கிலீஷில் எழுதித்தான் நீட்ட வேண்டும். மீட்டர் கணக்கை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"நல்ல வேலை, கொளஞ்சி. அப்ப தப்பு வோல்டேஜ்ல. சரி, ஒன்பது பேரும் ஒரே சமயத்துல ஏன் ஸ்டார்ட் பண்றாங்க? யாராவது ஆர்டர் போட்டாங்களா?"

மேசை மேல் இன்னொரு பைல் இருந்தது. ஃபோர்மன் பதவி உயர்வுக்கானது, மூன்றாவது பெயர் என்னுடையது. நேற்று சாயங்காலம் வாய் கிழியச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

"பழக்கம் சார்" என்றேன்.

"பழக்கம்னா மாத்து. நாளைக்கு ரெண்டு மணிக்கு முறை வச்சு ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. தண்ணி மட்டம் பார்க்கிற குழாய்கிட்ட நான் நிக்கறேன். எட்டு நிமிஷம். அதுக்கு மேல போனா அபாயச் சங்கு ஊதி எல்லாரையும் வெளிய ஏத்திடுவேன். அப்புறம் நீ பதில் சொல்லணும்."

அன்று சாயங்காலம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் ஒன்பது கதவையும் தேய்த்தேன். புது முறை வருகிறது, பழையது எதற்கு என்று ஆபரேட்டர்களிடம் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரபாணி மட்டும் நான் தேய்த்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றான். கை வலித்தது. ஒரு சுழி, ஒரு புள்ளி மிச்சமில்லாமல் தேய்த்தேன்.

வெள்ளிக்கிழமை. ஒன்பது பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "பம்பு நின்னா யாரும் கைப்பிடியத் தொடக் கூடாது. மொதல்ல ஒன்பது. ஒன்பதாம் நம்பரு குழாயில தண்ணி விழுந்தப்புறம் எட்டு. எட்டுல விழுந்தப்புறம் ஏழு. உன் பக்கத்துக் குழாயில தண்ணியப் பார்க்காம நீ தொட்டேன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

இரண்டு ஐந்துக்குப் பெல்ட் கிளம்பியது. டக், டக், டக். இரைச்சல் அடங்கியது. நான் ஒன்பதாம் நம்பர் வாசலில் கடிகாரத்தோடு நின்றேன். பெல்ட் வேகம் பிடிக்கும்வரை பொறுத்து, தலையசைத்தேன். சக்கரபாணி தள்ளினான். முள் முன்னூற்று முப்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. மோட்டார் சுற்றியது. பதினெட்டு விநாடியில் பின்னால் இழுத்துப் போட்டான். காயில் பிடித்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. எட்டாம் நம்பர்காரன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

எட்டு. ஏழு. நான் சைக்கிளில் விளிம்போரமாகவே போனேன். ஆறாம் நம்பரில் தண்ணீர் விழவில்லை. மூன்று நிமிடம் ஓடிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அவன் பயத்தில் வேகம் பிடிப்பதற்கு முன்பே இழுத்திருக்கிறான், கைப்பிடி நடுவுக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை தள்ளக் கை வரவில்லை. கீழே பள்ளத்தில் ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள். மேலே என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. "நான் இருக்கேன், தள்ளு" என்று அவன் தோளில் கை வைத்தேன். தள்ளினான். நான் ஒன்று, இரண்டு என்று சத்தமாக இருபதுவரை எண்ணினேன். "இழு." பிடித்துக்கொண்டது.

ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. கருணாகரன் குழாய்க்குள் அளவு நாடாவை விட்டபடி குனிந்து நின்றார், இன்னொரு கையில் கடிகாரம். சங்குக்காரன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றாம் நம்பரில் தண்ணீர் விழுந்தபோது ஏழு நிமிடம் நாற்பது விநாடி. தண்ணீர் மட்டம் ஒரு சாண் ஏறி, நின்று, மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஒரு ஸ்டார்ட்டர்கூடச் சூடாகவில்லை. கருணாகரன் என் முதுகில் தட்டினார். தட்டிய இடம் கூசியது.

சனிக்கிழமை மூன்று மணி. அறையில் மூன்று பேர்தான். கருணாகரன், நான், அய்யனார். செங்கமலம் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், ஜன்னல் வழியாகத் தெரிந்தாள்.

"வோல்டேஜ் இறங்கிச்சு, அது உன் தப்பில்ல. ஒத்துக்கிறேன்" என்றார் கருணாகரன். "ஆனா முன்னாடி ஸ்டார்ட்டர் வெந்த ரெண்டு பேரும் ஒன்றரை நிமிஷத்துல பயந்து விட்டுட்டாங்க. நீ நாலு நிமிஷம் பிடிச்சிருக்க. அரை நிமிஷத்துக்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். ஏன் பிடிச்ச?"

"கதவுல எழுதியிருந்துச்சுங்க."

"எந்தக் கதவு? நேத்து ஒன்பது ஷெட்டும் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. யாராவது ஆர்டர் போட்டாங்களான்னு சக்கரபாணியையும் கேட்டாச்சு, தனக்கு ஞாபகம் இல்லைன்னு சொல்றான்."

சஸ்பெண்ட் ஆனவனுக்குச் சுரங்கத்துக்குள் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? அய்யனார் மெதுவாக என் பக்கம் திரும்பினான். திட்டியிருந்தால் தேவலை. அழிச்சிட்டீங்களா என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் கேட்கவில்லை. 

"எழுதிக் காட்டட்டுங்களா?" என்று கருணாகரனைக் கேட்டான்.

"உனக்கு எழுதத் தெரியுமா?"

"என் பேரும் அதுவுந்தாங்க தெரியும். வேற எழுத்து எங்க இருக்குது எனக்கு, பார்த்துப் பழக? தெனம் அந்தக் கதவுதான எதிர்ல இருந்துச்சு."

கருணாகரன் ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளினார். கட்டுப் போட்ட கையின் இரண்டு விரலுக்கு நடுவில் பென்சிலைச் செருகிக்கொண்டு எழுதினான். ஒரு எழுத்துக்கு அரை நிமிடம் ஆனது. கைக்கட்டுத் துணியில் மஞ்சளாக நீர் ஊறியது. அவன் நிறுத்தவில்லை. நான் எழுதிய அதே சாய்வு, நான் போட்ட அதே கொக்கி. கடைசியில் கீழே இரட்டைக் கோட்டையும் இழுத்துவிட்டுத்தான் பென்சிலை வைத்தான்.

கருணாகரன் தாளை எடுத்தார், இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கான்? படி."

அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அய்யனாருக்கு எழுத்தின் உருவம் தெரியும், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்து என்ன சொன்னாலும் அதுதான் அந்தத் தாளில் இருப்பது. கிறுக்கல் சார், ஒன்றும் புரியவில்லை என்றால் முடிந்தது கதை. கதவு சுத்தமாக இருக்கிறது, சாட்சி வாய் திறக்காது, பதவி உயர்வு பைல் அதே மேசையில் இருக்கிறது. இவ்வளவு யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, அதுதான் இன்றுவரைக்கும் எனக்கு வெட்கம்.

ஜன்னல் வழியாகச் செங்கமலம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பம்பு நின்றால் ஒரு நிமிடத்துக்குள் ஓட்ட வேண்டும்" என்று படித்தேன். "தவறினால் மெமோ."

"யார் எழுதினது?"

"நான் சார். புரட்டாசி மாசம், நீங்க திட்டின அன்னைக்கு."

"கதவுல ஏன் இல்ல?"

"வியாழக்கெழம நான்தான் தேய்ச்சேன். உங்ககிட்ட பழக்கம்னு சொன்னதும் பொய்."

கருணாகரன் என் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் போட்டார். "இதுல இவன் பொய் சொல்றான்னு இருக்கே."

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்தேன். அடியில், அய்யனார் சொன்னது அத்தனையும் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அய்யனார் தலை குனிந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

வெளியே வந்தபோது செங்கமலம் எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

"புதன்கெழமையே சொல்றேன்னீங்க" என்றாள். "அவரு கை மறுபடியும் புண்ணாகுற வரைக்கும் எதுக்குங்க காத்துகினு இருந்தீங்க?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். 

ஒன்றாம் தேதி ஒரே தபாலில் இரண்டு ஆர்டர்கள் வந்தன. அய்யனார் பர்மனென்ட். கைநாட்டு வைக்கவில்லை, பெயரை எழுதினான். நான் சார்ஜ்மேனிலிருந்து பழையபடி எலெக்ட்ரீஷியன், பம்பு செக்‌ஷனிலேயே. ஒன்றாம் நம்பர் ஷெட்டில் ஆள் குறைந்ததால் ஒரு வருடம் என்னையே ஓட்டச் சொன்னார்கள்.

கதவில் அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை, எல்லோருக்கும் முறை தெரியும். இரண்டு மணிக்குச் சங்கு ஊதி, பெல்ட் கிளம்பி, பம்புகள் நின்றால், முதலில் அய்யனார் கைப்பிடியைத் தள்ளுவான். ஒன்பதில் தண்ணீர் விழும், அப்புறம் எட்டு, அப்புறம் ஏழு. நான் ஒன்றாம் நம்பர் வாசலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டாம் நம்பர் குழாயைப் பார்த்தபடி நிற்பேன். என் முறை கடைசி.